பத்துப் பேர் இல்லாத பள்ளி



பாடம் நடத்தும்போது நாம் செய்த ஒரு பிழையைப் பற்றி இன்று எழுதுகிறோம். பிழை என்று மென்மையாகச் சொல்கிறோம். அறியாததை அறிந்ததுபோல் உரைத்ததும், அறிந்து பேசிய ஒரு சிறுமியை வாய்மூடச் செய்ததும் அந்தச் சிறு சொல்லுக்குள் அடங்குமா என்பதை வாசிப்போர் முடிவு செய்துகொள்ளட்டும்.

நாம் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். பாடம் நடத்துவது ராஜபாளையத்தில், பெண் பிள்ளைகளுக்கான மாலை நேர மதரஸா ஒன்றில். அஸர் தொழுதுவிட்டுப் பேருந்தில் ஏறினால் மேற்குத் தொடர்ச்சி மலையும் சன்னலோரமாக உடன்வரும். இரண்டு ஊர்களுக்கும் மேற்கே அந்த மலைதான். பள்ளிவாசல்களின் மிஹ்ராபும் அதை நோக்கியே இருக்கின்றது. ஆகவே சின்னப் பிள்ளைகளிடம் கஅபா எங்கே இருக்கிறது என்று கேட்டால், "மலைக்கு அந்தப் பக்கம்" என்பார்கள். திசையில் பிழையில்லை, தூரம்தான் சற்று அதிகம். நாம் இஸ்லாமியக் கல்வியில் டிப்ளமா முடித்தவரே அன்றி முழு ஆலிமா அல்லர். ஆயினும் பிள்ளைகள் எம்மை ஆலிமா என்றே அழைக்கிறார்கள். திருத்திப் பார்த்தோம், பயனில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஸூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனம் பாடமாக வந்தது. இறைவனின் பெயர் நினைவுகூரப்படும் நான்கு வகைத் தொழுமிடங்களை அந்த வசனம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. துறவிகளின் மடங்கள், கிறிஸ்தவர்களின் ஆலயங்கள், பிறகு 'ஸலவாத்', கடைசியில் மஸ்ஜிதுகள். அவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றிய பேச்சு அது. ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"ஆலிமா, ஸலவாத்து நாம ஓதுறதுதானே? அதை எப்படி இடிக்க முடியும்?"

நல்ல கேள்வி. இங்கு அச்சொல் யூதர்களின் தொழுமிடங்களைக் குறிக்கிறது என்பதே உரையாசிரியர்கள் பலரின் கருத்து என்றும், அச்சொல்லின் வேர் எபிரேயத்தில் உள்ளது என்று அவர்களுள் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னோம். இத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். "அந்த இடம் எப்படி இருக்கும்?" என்று அடுத்தவள் கேட்டாள். உஸைர் (அலை) அவர்களைப் பற்றி யூதர்கள் கூறியதாகக் குர்ஆனில் வரும் செய்தியை நாமாகவே நீட்டி, "உள்ளே அவர்களுடைய சிலை இருக்கும், அதற்கு வழிபாடு நடக்கும்" என்று சொல்லிவிட்டோம். எந்த நூலிலும் நாம் அப்படி வாசித்ததில்லை. யாரும் நமக்குச் சொன்னதும் இல்லை.

பின் வரிசையில் இருந்த ஒருத்தி, அவளுக்குப் பதினொரு வயதிருக்கும், மெதுவாகச் சொன்னாள்: "எங்க அத்தா கொச்சிக்கு லோடு கொண்டுபோவாங்க ஆலிமா. அங்கே போய்ப் பார்த்திருக்காங்க. உள்ளே சிலையே கிடையாதாம். தொப்பி போட்டுத்தான் தொழுவாங்களாம்."

மற்ற பத்துப் பிள்ளைகளும் எம் முகத்தைப் பார்த்தார்கள். "பாடத்தைப் பார்" என்றோம். அவள் தலை குனிந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அல்லாஹ் ஒரு வழியைத் திறந்தான். எம் கணவர் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் தொழில் செய்கிறார்கள். எர்ணாகுளத்தில் வசூல் பாக்கி இருந்தது. பள்ளி விடுமுறையும் சேர்ந்ததால் எம்மையும் மகனையும் உடன் அழைத்துக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் ரயில் ஏறி, தென்காசி, செங்கோட்டை கடந்து, குகைகளுக்குள் நுழைந்து வெளிவந்து, புனலூர் வழியாகக் கொல்லம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் சொல்லும் அந்தப் 'மலைக்கு அந்தப் பக்கம்' இதுதான்.

கொல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கி.பி. 849இல் அங்கே தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் அளித்து ஒரு செப்பேடு எழுதப்பட்டது. அதில் சாட்சிக் கையெழுத்திட்டோர் சிலர் கூஃபி அரபு எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர், சிலர் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில். ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கான கொடைக்கு முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் சாட்சி நின்றிருக்கிறார்கள். டிப்ளமா படிக்கும்போது இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். மதிப்பெண் வாங்கியதும் மறந்துபோனோம். கொல்லம் நிலையத்தில் வண்டி நின்றபோது பெயர்ப்பலகையைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது.

எர்ணாகுளத்தில் வசூல் வேலை முடிந்த மறுநாள், மட்டாஞ்சேரி போகலாமா என்று கணவரிடம் கேட்டோம். காரணத்தையும் சொன்னோம். "பிள்ளைகிட்டத் தோத்துட்டு, பார்த்துட்டு வரணும்னு இவ்வளவு தூரமா?" என்று சிரித்தார்கள். ஆனால் ஆட்டோவை அவர்களே பிடித்தார்கள். ஓட்டுநர், "ஜூதப்பள்ளிக்கா?" என்றார்.

அந்தச் சொல் எம்மை நிறுத்தியது. மலையாளத்தில் மஸ்ஜிதும் பள்ளி, தேவாலயமும் பள்ளி, யூதர்களின் தொழுமிடமும் பள்ளி. நமக்கும் அது அந்நியமான சொல்லன்று. தமிழகத்தில் சமணர் தங்கிய இடங்கள் பள்ளி எனப்பட்டன. பிள்ளைகள் எழுத்துக் கற்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று. நாம் தொழும் இடம் பள்ளிவாசல் ஆயிற்று. யூதர்கள் தம் தொழுமிடத்துக்கு எபிரேயத்தில் வழங்கும் பெயர்களும் இதே போன்றவை. 'பேத் க்னெஸெத்' என்றால் கூடும் வீடு. 'பேத் தெஃபில்லா' என்றால் இறைஞ்சும் வீடு. 'பேத் மித்ராஷ்' என்றால் கற்கும் வீடு. இந்த மித்ராஷும் நாம் சொல்லும் மதரஸாவும் உறவுச் சொற்கள். மதீனாவில் யூதர்கள் தவ்ராத் ஓதிக் கற்ற இடத்தை ஹதீஸ் நூல்கள் 'பைத்துல் மித்ராஸ்' என்று குறிக்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு சென்று அவர்களோடு பேசியதாக அறிவிப்பும் உண்டு. மதரஸாவில் இத்தனை ஆண்டு பாடம் நடத்தும் நமக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரிப் பள்ளியின் பெயர் பரதேசிப் பள்ளி. எம் மகன் சிரித்தான். நம் ஊரில் அது வசைச் சொல். அயல் தேசத்தவர் என்பதே அதன் பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த யூதர்கள் 1568இல் கட்டியது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலுக்கும் இதற்கும் இடையே ஒரு சுவர்தான். 1662இல் போர்த்துகீசியர் இதைச் சேதப்படுத்தினர். டச்சுக்காரர் வந்தபின் இரண்டே ஆண்டில் மீண்டும் எழுந்தது. 1760இல் எழுந்த மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், ஒன்றில் ரோமன் எண்கள், ஒன்றில் மலையாள எண்கள். அரண்மனையில் இருப்பவரும் தெருவில் போகிறவரும் தொழ வருகிறவரும் அவரவர் எண்ணில் நேரம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உலகின் பிற பகுதிகளில் யூதர்கள் காலணியோடு தொழுமிடத்துக்குள் செல்வது வழக்கம். கொச்சி யூதர்களோ நம் மண்ணின் முறைப்படி வெறுங்காலோடு நுழைந்தவர்கள். தரை முழுவதும் சீனாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள். கையால் தீட்டியவை, ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பார்கள். எம் மகன் குனிந்து இரண்டு ஒரே மாதிரி ஓடுகளைக் கண்டுபிடிக்க முயன்று கைவிட்டான். மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள்.

இவை எல்லாம் சுற்றுலா வருவோர் படம் பிடிக்க விரும்புபவை. நாம் தேடியது வேறொன்று. நான்கு சுவரையும் பார்த்தோம். சிலை இல்லை. படம் இல்லை. உருவம் என்று ஒன்றுமே இல்லை.

மேற்குச் சுவரில், நம் பள்ளியில் மிஹ்ராப் இருக்கும் திசையிலேயே, செதுக்கு வேலைப்பாடுள்ள மரப் பேழை, முன்னே திரை. அதனுள்ளே தவ்ராத் சுருள்கள். யூதர்கள் உலகில் எங்கிருந்தாலும் ஜெருசலேமை நோக்கியே தொழுவார்கள். அதாவது பைத்துல் முகத்தஸை நோக்கி. ஹிஜ்ரத்துக்குப் பின் பதினாறு, பதினேழு மாதங்கள் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் அதே திசை நோக்கித் தொழுதார்கள் என்பதை நாம் அறிவோம். நமக்குக் கிப்லா மாற்றப்பட்டது. அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். நம் நாட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பக்கம்.

கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பி அடைப்புள்ள ஒரு மேடை. இதை 'பீமா' என்பார்கள். நம் மிம்பரைப் போல் ஒரு பக்கமாக இராமல் மக்களுக்கு நடுவில் இருக்கிறது. பேழையிலிருந்து சுருளை எடுத்து வந்து இங்கே வைத்து ஓதுவார்கள். திங்கள், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் தவ்ராத் வாசிப்பு உண்டு. திங்களும் வியாழனும் நாம் நஃபில் நோன்பு நோற்கும் நாள்கள் அல்லவா! ஓராண்டில் தவ்ராத் முழுவதையும் முடித்து, முடித்த அன்றே மீண்டும் தொடங்குவார்கள். நம் வீடுகளில் குர்ஆன் கத்தம் முடித்த உடனே முதல் ஸூராவைத் தொடங்குவதைப் போல. அந்தச் சுருள் தோலில் கையால் எழுதப்படுவது. அதில் 3,04,805 எழுத்துகள். ஒன்று விடுபட்டாலும் சரிசெய்யும் வரை அதை ஓதப் பயன்படுத்த முடியாது. வாசிப்பவர் விரலால் தொடமாட்டார். வெள்ளிக் குச்சி ஒன்றால் வரியைக் காட்டிச் செல்வார்.

பழுதான ஏட்டை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்தபோது இன்னும் வியந்தோம். இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியவோ எரிக்கவோ மாட்டார்கள். தொழுமிடத்தில் ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பின்னர் மண்ணில் அடக்குவார்கள். கிழிந்த முஸ்ஹஃபையும் பழைய யாஸீன் கிதாபையும் துணியில் சுற்றி வைத்திருந்து கபரஸ்தானில் புதைக்கும் நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டோம். எகிப்தில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுமிடத்தில் இப்படிச் சேர்ந்த தாள்கள் பல நூற்றாண்டாக அடக்கப்படாமலே கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலட்சக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூதரின் கடிதங்களும் உண்டு. மொழி அரபு, எழுத்து எபிரேயம். அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அர்வி அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் அங்கே எதிர்பார்த்தது பலியும் பூசாரியும் உள்ள ஒரு கோயில். அது ஜெருசலேமில் ஒரே இடத்தில், ஸுலைமான் (அலை) அவர்கள் கட்டிய ஆலயத்தில் மட்டும் இருந்தது. அதைப் பாபிலோனியர் கி.மு. 586இல் அழித்தனர். மீண்டும் கட்டியதை ரோமர் கி.பி. 70இல் அழித்தனர். அதன்பின் குர்பானியும் இல்லை, அதை நடத்தும் குருமார் பணியும் இல்லை. காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளைத் தொழுகையும் வேதம் ஓதுதலும்தான். அதற்குக் கட்டடம்கூடக் கட்டாயமில்லை. மார்க்க அறிஞர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. கொச்சியில் யூத மத குருவாகிய ரப்பி என்று எவரும் இருந்ததில்லை, பெரியவர்களே முன்னின்று நடத்தினர். கட்டாயம் ஒன்றே ஒன்று: பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். இதை 'மின்யான்' என்பர். பத்துப் பேர் இல்லையெனில் தனித்தனியே இறைஞ்சலாமே தவிர, கூட்டுத் தொழுகையின் முக்கியப் பகுதிகளைச் சொல்ல முடியாது. சுருளைத் திறந்து முறைப்படி ஓதவும் முடியாது.

ஜும்ஆவுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் நாற்பது பேர் வேண்டும் என்பது காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தி வழியாக நமக்குத் தெரியும். நம் ஹனஃபியில் இமாம் நீங்கலாக மூவர் போதும். இந்த எண்களை நாம் சட்ட நூலின் ஒரு வரியாகவே படித்திருக்கிறோம். எண் நிரம்பாமற்போனால் ஒரு பள்ளி என்னவாகும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பரதேசிப் பள்ளியில் அதைக் கண்ணால் கண்டோம். 1948ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்தில் 2,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். இந்நாட்டில் அவர்களை யாரும் துரத்தவில்லை, தாமாகவே போனார்கள். 1968இல் இப்பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார்; அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அப்போதே ஆள் குறைந்துகொண்டிருந்தது. பின்னர் வெளிநாட்டிலிருந்து யூத விருந்தினர் வரும் நாளில் மட்டும் பத்து நிரம்பிற்று. 2019இல் சாரா கோஹன் என்ற மூதாட்டி 96 வயதில் காலமானார். தையல் வேலைப்பாடுகள் விற்ற அவருடைய கடை இந்தத் தெருவிலேதான். கணவர் இறந்தபின் அவரைத் தாயைப் போல் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் சகோதரர்.

பேழை இருக்கிறது, சுருள் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தரை பளபளக்கிறது. கூடம் நிறைய ஆள்களும் இருந்தார்கள். எல்லோரும் எங்களைப் போல் சீட்டு வாங்கி வந்தவர்கள்.

மற்றப் பள்ளிகளின் கதை இதைவிடத் துயரமானது. அதே மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியினுள் இருந்த மரவேலைகள் கழற்றப்பட்டு இப்போது ஜெருசலேமில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெறும் கூடாக நின்ற கட்டடம் 2019 மழையில் இடிந்து விழுந்தது. எர்ணாகுளத்தில் உள்ள ஒரு பள்ளியின் முன்பகுதியில் பல ஆண்டுகள் செடியும் வண்ண மீனும் விற்றார்கள். பரவூர், சேந்தமங்கலம் இரண்டும் அரசின் அருங்காட்சியகங்கள். யாரும் இடிக்காமலே ஒரு தொழுமிடம் இப்படியும் போகலாம். நம் ஊரிலும் ஃபஜ்ர் ஜமாஅத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணவரிடம் கேட்டோம். "அதை ஏன் இங்கே கேக்குற?" என்றார்கள்.

அந்தக் கூடத்தை வியந்துமட்டும் வந்துவிடவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களை உள்ளே சமமாக அமரவிடாமல் முன்கூடத்தில் உட்கார வைத்த இடமும் இதுதான். தவ்ராத் ஓதவும் அவர்களை அழைப்பதில்லை. அவ்வழியில் பிறந்த ஆபிரகாம் பராக் ஸாலெம் (1882–1967) வழக்கறிஞராகி, காந்தியடிகளின் சத்தியாகிரக முறையைத் தம் சொந்தப் பள்ளிக்குள்ளேயே கையாண்டு, நெடுங்காலம் போராடி அந்தப் பாகுபாட்டை மெல்ல மெல்ல உடைத்தார். யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். பத்துப் பேர் வேண்டும் என்று ஏங்க நேர்ந்த ஒரு சமூகம், இருந்த ஆள்களை வாசலில் உட்கார வைத்த காலமும் உண்டு. நம் ஸஃப்பில் அந்த வேற்றுமை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். திருமணப் பேச்சில் இருக்கிறது. பெண் கேட்டு வருவோர் முதலில் விசாரிப்பது எது என்பது இதை வாசிக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

அங்குள்ள செப்பேடுகளைப் பற்றியும் குறித்துவிடுகிறோம். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் தலைமையையும் அளித்தார். எழுத்து வட்டெழுத்து. அஞ்சுவண்ணம் என்ற பெயர் நம்மவர் பலருக்குப் பழக்கமானது. தக்கலையில் பீர் முஹம்மது அப்பா அவர்களின் அடக்கத்தலத்து முஸ்லிம் சங்கத்தின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்கள் ஒரே பெயரின் கீழ் தொழில் செய்த காலம் அது.

புறப்படும் முன் நிமிர்ந்து பார்த்தோம். மேலே ஒரு மாடம். அங்கேயும் ஒரு பீமா. பெரிய நாள்களில் தவ்ராத்தை அங்கிருந்து ஓதுவார்கள். அதற்குப் பின்னால் பெண்களின் இடம். கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு இது. வேறெங்கும் இவ்வாறு இல்லை. பெண்கள் பத்தில் எண்ணப்படுவதில்லை. ஆனால் ஓதும் குரல் அவர்களுக்கு மிக அருகில் ஒலித்திருக்கிறது. அந்தப் பெண்கள் மலையாளத்தில் வேத வரலாறுகளைப் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். மேலே செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. கீழே நின்றே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ளுஹர் நேரம் வந்தது. கணவரும் மகனும் கொச்சங்காடியிலுள்ள செம்பிட்ட பள்ளிக்குப் போனார்கள். செம்புத் தகடு வேய்ந்ததால் அந்தப் பெயர் கொண்ட பழைய பள்ளிவாசல் அது. அதே கொச்சங்காடியில்தான் 1344இல் யூதர்களும் ஒரு பள்ளி கட்டியிருந்தார்கள். அதன் கல்வெட்டுத்தான் இப்போது பரதேசிப் பள்ளியின் சுவரில் பதிந்திருக்கிறது. நாம் மிளகு, ஏலம் விற்கும் ஒரு கடையில், அந்த வீட்டு அம்மா காட்டிய பின்னறையில் தொழுதோம். தரை முழுதும் சுக்கு மணம்.

ஊர் திரும்பிய பின் வந்த முதல் பாட நாளில் பிள்ளைகளை உட்கார வைத்து, அன்று சொன்னது தவறு என்று சொன்னோம். சிலை இல்லை, உருவம் இல்லை, நமக்குத் தெரியாமலே சொன்னோம், அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்தச் சிறுமியை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அடக்கியதால் எல்லோர் முன்னிலையிலுமே மன்னிப்புக் கேட்டோம். அவள் சங்கடப்பட்டுத் துப்பட்டாவின் முனையைச் சுருட்டினாள். பிறகு ஸலவாத் என்ற சொல்லுக்குத் திரும்பி, பேழை, பீமா, சுருள், பத்துப் பேர் எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டினோம்.

மறுநாள் ஒரு பிள்ளையின் தாய் வந்தார். உட்காரவில்லை.

"ஆலிமா, அங்கே காஸாவில பச்சப் பிள்ளைங்க செத்துக்கிட்டிருக்கு. நீங்க இங்கே யூதப் பள்ளிய வரைஞ்சு பாடம் எடுக்குறீங்க."

உடனே பதில் வரவில்லை. காஸாவின் பிள்ளைகளுக்காக அந்த மதரஸாவில் துஆச் செய்யாத நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் கோபத்தில் பொய் இல்லை. கடைசியில் சொன்னோம்: "பாராட்டிப் பாடம் எடுக்கலம்மா. நான் பொய் சொல்லியிருந்தேன், அதைத் திருத்தினேன். அநியாயம் செய்றவங்களைப் பத்தியும் நாம உண்மையத்தானே சொல்லணும்?" ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்ற ஸூரத்துல் மாயிதாவின் கட்டளையை நினைவூட்டினோம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதாகப் புகாரியில் வரும் செய்தியையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் மகளை அனுப்பவில்லை. மூன்றாவது வாரம் அனுப்பினார். காரணம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்தப் பதினொரு வயதுச் சிறுமி அதன்பின் அதிகம் பேசத் தொடங்கினாள். சென்ற வாரம் பாடம் முடிந்து பேருந்துக்காகப் பையை எடுத்தபோது அருகில் வந்து நின்றாள்.

"ஆலிமா, அந்தப் பள்ளியில மேலே லேடீஸுக்கு இடம் இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாம்."

"நம்ம பள்ளிவாசல்ல ஏன் இல்ல?"

'பாடத்தைப் பார்' என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. நபி (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் பெண்கள் தொழுததையும், பிற்காலத்தில் நம் பெரியவர்கள் வேறு விதமாகத் தீர்ப்பளித்ததையும், அதற்கு அவர்கள் கூறிய காரணங்களையும் ஒரு பேருந்து நேரத்தில் சொல்லி முடிக்க இயலாது. பையைக் கீழே வைத்து, அவளை உட்காரச் சொன்னோம்.